மேஜரின் ஏழு கிலோ

நாய் பார்க்கும் தொழிலில் நாயோடு மல்லுக்கட்டுவது கால்வாசிதான். மீதி முக்கால்வாசி, நாய்க்கு நல்லது செய்கிறோம் என்று கிளம்பி வருகிற மனிதர்களோடு மல்லுக்கட்டுவது. ஒரு நாயைக் குளிப்பாட்டப் போய்த் தானும் சேர்ந்து குளித்தவர்கள், 'ஒரு துண்டுதானே' என்பதைக் கேட்டுக் கேட்டுப் பல்லைக் கடித்தவர்கள் எல்லோரும் என் கட்சி. கிட்ட வந்து உட்காருங்கள். சொல்ல நிறைய இருக்கிறது.

வேலைக்குத் தகுதி

நான் பல்கலைக்கழகத்தில் மெய்யியல் படிக்கிறவள். கம்பஸில் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் விடுதியைப் பூட்டி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு என்றால் கந்தப்பளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயம், தொழிலாளர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய வீடுகளில் ஒன்று. அம்மா அங்கே கொழுந்து எடுக்கிறார். நான் வந்து நான்கு நாளுக்குள் பக்கத்து வீட்டாரோடு இரண்டு முறையும் அம்மாவோடு கணக்கில்லாமலும் வாதாடி முடித்துவிட்டதால், ஐந்தாம் நாள் அம்மா என்னைக் கையோடு பெரிய பங்களாவுக்குக் கூட்டிப்போனார்.

பங்களாவில் மேஜர் என்றொரு லாப்ரடோர். ஏழு வயது. பின்னங்கால் முட்டியில் தசைநார் அறுந்து நொண்டிக்கொண்டிருந்தது. கண்டியில் மிருக வைத்தியர் பார்த்துவிட்டு, அறுவைச் சிகிச்சை செய்தால் நடக்கும், ஆனால் நாற்பத்து மூன்று கிலோ உடம்புக்கு மயக்க மருந்து கொடுத்தால் இதயம் தாங்காது, முப்பத்தாறுக்கு இறக்கிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டாராம். மூன்று மாதத்துக்குள் இறக்க வேண்டும். அதற்கு மேல் போனால் தொடைச் சதை வற்றிவிடும், கால் போனது போனதுதான். தோட்டத்துத் துரையின் மனைவி, தொரசாணி, ஒரு சிங்கள அம்மா. எங்களோடு நன்றாகவே தமிழ் பேசுவார். பங்களாவில் யாராலும் மேஜரின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியவில்லை, அதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் சொல்லி வைத்திருந்திருக்கிறார். என்ன வேலை தெரியும் என்று என்னைக் கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா பதில் சொல்லிவிட்டார்.

"எதுக்கெடுத்தாலும் முடியாதுன்னு சொல்லத்தாங்க இவளை கம்பஸுல படிக்க வச்சிருக்கோம்."

மரியாதை

முதல் நாளே எனக்குக் கோபம் வந்தது. பங்களாவில் சமைக்கிற அப்பு, முப்பது வருடம் அந்தக் குசினியிலேயே இருக்கிறவர், மேஜரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் 'எந்திரிச்சிட்டாருங்க', 'கோவிச்சுக்கிட்டாருங்க' என்றார். காலையில் மலையில் என் அம்மாவை, ஐம்பது வயதுப் பெண்ணை, வேலை வாங்குகிறவர்கள் 'ஏய், இந்தா' என்று கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு நேரே வந்தவள் நான். ஒரு நாய்க்கு 'ஆர்', மனுசிக்கு 'ஏய்'யா?

அப்பு லீக்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் அரை மணி நேரம் பேசினேன். மரியாதை என்பது என்ன, அது யாருக்கு உரியது, இந்தத் தோட்டத்தில் அது எந்த வழியாக ஏறி எந்த வழியாக இறங்குகிறது எல்லாம் சொன்னேன். அவர் ஒரு கட்டு லீக்ஸ் முழுவதையும் நறுக்கி முடித்துக் கத்தியைத் துடைத்து வைத்தார்.

"நீ சொல்றது சரிதான் பாப்பா. ஆனா இந்தப் பங்களாவுல முப்பது வருசத்துல என் சமையலுக்குக் குத்தம் சொல்லாதது அவரு மட்டுந்தானே."

நகம்

நடக்காத நாய்க்கு நகம் தேயாது. மேஜரின் நகம் சிமெந்துத் தரையில் தட்டெழுத்து அடிப்பதுபோல் சத்தம் போட்டது. நீண்ட நகம் பாதத்தை வளைக்கும், வளைந்தால் முட்டிக்குப் பாரம் கூடும். கறுப்பு நகத்துக்குள் இரத்தக்குழாய் எங்கே இருக்கிறது என்று வெளியே தெரியாது. அதனால் அரிசி அளவுக்கு, அரிசி அளவுக்கு என்று நுனியை மட்டும் வெட்ட வேண்டும். நகவெட்டியோடு ஒரு வெள்ளிக்கிழமை காலை உட்கார்ந்தேன். அப்பு ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை நகம் வெட்டக்கூடாதாம்.

எனக்கு இது போதும். மேஜர் இந்து என்று யார் சொன்னது, தொரசாணி புத்தர் இருக்கிற பன்சலைக்குப் போகிறவர், அவர் வளர்க்கிற நாய் எந்தச் சமயம், அப்படியே சமயம் இருந்தாலும் அது எந்தக் கோயிலுக்குப் போகிறது என்று கேட்டேன். கேள்வியை நான் வாதத்துக்குத்தான் கேட்டேன். அப்புவோ அதை விசாரணை என்று நினைத்து உண்மையைச் சொல்லிவிட்டார்.

"மாரியம்மன் கோயிலுக்கும் போவாரு, பன்சலைக்கும் போவாரு, ஞாயித்துக்கிழமை மாதா கோயிலுக்கும் போவாரு பாப்பா. எங்க சோறு போட்டாலும் போவாரு."

மேஜரின் துணி

லாப்ரடோருக்கு இரண்டு அடுக்கு முடி. மேலே எண்ணெய்ப் பசையோடு ஒன்று, உள்ளே பஞ்சுபோல் ஒன்று. முதலில் சீவி உதிர்கிற முடியை எடுத்துவிட்டுத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும். அப்படிச் சீவியதில் முதல் நாள் ஒரு தலையணைக்குப் பஞ்சு கிடைத்தது. வெந்நீரும் நாய்ச் சோப்பும் போட்டுக் குளிப்பாட்டுவது ஒன்றும் பெரிதில்லை. காய வைப்பதுதான் பெரிது. எங்கள் ஊரில் மழை பிடித்தால் லயத்துத் துணியே ஒரு வாரம் ஈரமாகத் தொங்கும், இரண்டு அடுக்கு நாய் எப்படிக் காயும்? ஈரத்தோடு விட்டால் தோலில் சொறி வரும். தேயிலை பெக்டரி அடுப்புக்குப் பக்கத்தில், வெளியே, விறகுக் கொட்டில் ஒன்று உண்டு. சூடு அப்படியே நிற்கும். தொரசாணி ஒரு வார்த்தை சொன்னார். மேஜர் அங்கே போய்க் காலை நீட்டிப் படுத்துக்கொண்டார். பாருங்கள், எனக்கும் 'ஆர்' வந்துவிட்டது.

அடுப்புக்கு விறகு போடுகிற அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது: மழைக்காலத்தில் பிள்ளைகளின் பள்ளிக்கூட யூனிபோமை அங்கே காயவைக்க லயத்துப் பெண்கள் கேட்டபோது, பெக்டரி வளவுக்குள் வெளித் துணி வரக்கூடாது என்று சொல்லிவிட்டார்களாம். நாய் வரலாம், யூனிபோம் வரக்கூடாதா? மறுநாள் மேஜரோடு நான் போனபோது என் தோளில் பதினொரு வெள்ளைச் சட்டை. கொட்டிலில் கயிறு கட்டினேன். அந்த அண்ணன் சட்டைகளைப் பார்த்தார், மேஜரைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார்.

"கேட்டா மேஜரோட துணின்னு சொல்லிருவோம்."

தராசு

நாய் இளைக்கிறதா என்று கண்ணால் பார்த்தால் தெரியாது. பாசம் கண்ணை மறைக்கும். வாரம் ஒருமுறை நிறுக்க வேண்டும். குளியலறைத் தராசில் மேஜர் ஏறினால் முன்பாதி மட்டும்தான் ஏறும். ஆனால் நாங்கள் இருப்பது தேயிலைத் தோட்டம். நாளுக்கு மூன்று தடவை கொழுந்து நிறுக்கிற மடுவம் இருக்கும்போது தராசுக்கு என்ன பஞ்சம்? கொழுந்துச் சாக்கில் கால் போக நான்கு ஓட்டை போட்டு, மேஜரை அதற்குள் நுழைத்து, கொக்கியில் மாட்டினோம். தராசின் முகம், நிறையைப் பதிகிற கணக்கப்பிள்ளையின் பக்கம். நான் இந்தப் பக்கம் நின்று மேஜரின் தலையைக் கட்டிக்கொண்டு, ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்தார், துண்டுச் சீட்டில் எழுதினார், மடுவம் முழுக்கக் கேட்கும்படி படித்தார்: நாற்பத்தொன்று.

முதல் வாரத்திலேயே இரண்டு கிலோ. கொழுந்தோடு வரிசையில் நின்ற பெண்கள் கைதட்டினார்கள். தொரசாணி, மகளைக் கூப்பிடுகிற மாதிரி 'துவ' என்று என் தலையைத் தடவினார். தர்க்கம் படிக்கிறவள், ஏழு நாளில் எப்படி என்று ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். பாராட்டு வரும்போது யார் கேள்வி கேட்பது? அம்மா அன்றைக்குக் கொழுந்தைப் போட்டுவிட்டு லயம் வரை தலை நிமிர்ந்து நடந்தார்.

"நான் பெத்தது வாயாலயே நாயை எளைக்க வச்சிருச்சு."

ஒரு துண்டு

வைத்தியரின் இன்னொரு கட்டளை: மெதுவாக, கயிற்றில் பிடித்து, தட்டையான நிலத்தில் காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் நடத்த வேண்டும். ஏற்றம் இறக்கம் ஆகாது. எங்கள் தோட்டத்தில் நின்றுகொண்டு தட்டையான நிலத்தைத் தேடிப் பாருங்கள். பெரட்டுக் களம் ஒன்று, மடுவத்துக்குப் போகிற ரோட்டு ஒன்று. ஆக, மேஜர் நடந்தால் நூறு பேருக்கு நடுவில்தான் நடக்க வேண்டும். பத்து மணித் தேநீருக்குப் பெண்கள் ரோட்டோரம் உட்கார்ந்து ரொட்டியை அவிழ்க்கிற நேரமும் மேஜரின் நடை நேரமும் ஒன்றாக அமைந்தது தற்செயல் என்று நான் நம்பியிருந்தேன். மேஜர் அப்படி நம்பவில்லை.

பார்த்துக்கொண்டிருக்கிற உயிருக்குக் கொடுக்காமல் தின்பது எங்கள் பெண்களுக்கு ஆகாது. ராக்கம்மா அக்கா ஒரு துண்டு. பக்கத்தில் இருந்தவர் ஒரு துண்டு. பதினான்கு பேர், பதினான்கு துண்டு. என் அம்மாவும் அந்தப் பதினான்கில் ஒருவர். எல்லாவற்றையும் சேர்த்தால் மூன்று முழு ரொட்டி, அதுவும் தேங்காய்ப்பூ போட்டது. பங்களாவில் நான் கிராம் கணக்கில் அளந்து வைக்கிற சாப்பாட்டுக்கு மேல் இது. கொஞ்சம்தான் என்று ஒவ்வொருவரும் சொல்வது உண்மையாக இருந்தும், எல்லாம் சேர்ந்து பெரிய பொய்யாகிவிடும் என்பதை நான் நடுரோட்டில் நின்று விளக்கினேன். ராக்கம்மா அக்கா கடைசி வரை பொறுமையாகக் கேட்டார்.

"அப்ப அந்தப் பதிமூணு பேரையும் நிப்பாட்டு தங்கச்சி. என்னோடது ஒரு துண்டுதானே."

பைரவரும் கரட்டும்

வாதத்தால் நடக்காததைக் கரட்டால் நடத்தப் பார்த்தேன். சுற்றிலும் கரட் தோட்டம். கடைக்குப் போகாத கோணல் கரட்டைச் சும்மாவே தருவார்கள். காலையில் விரல் அளவுக்கு வெட்டி ஒரு பையில் போட்டு, பத்து மணிக்கு ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். ரொட்டியை நீங்கள் தின்னுங்கள், அவருக்கு இதைக் கொடுங்கள் என்றேன். மேஜருக்கு எதைத் தருகிறார்கள் என்பதைவிட எத்தனை பேர் தருகிறார்கள் என்பதுதான் முக்கியம் போலிருந்தது. கரட்டைக் கறகறவென்று கடித்துவிட்டு அடுத்த கைக்குப் போனார்.

தேய்பிறை அட்டமி அன்று சிக்கல் வந்தது. ராக்கம்மா அக்கா மகனுக்குக் கொழும்பில் நல்ல வேலை அமைய வேண்டும் என்று நேர்ந்துகொண்டு, பைரவரின் வாகனத்துக்கு உளுந்து வடை கொண்டு வந்திருந்தார். ஒன்பது வடை. நான் குறுக்கே நின்றேன். நேர்ச்சை நாய்க்கு உணவு கொடுப்பதா, நாய்க்கு வடை கொடுப்பதா? காலை முடமாக்குகிற வடையை வாகனத்துக்குக் கொடுத்தால் பைரவர் எதில் ஏறிப் போவார்? பைரவருக்குக் கரட் பிடிக்கும் என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று அவர் கேட்டார். பிடிக்காது என்று எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்று நான் கேட்டேன். நீண்ட நேரம் போயிற்று. கடைசியில் வடையை நாங்கள் பதினைந்து பேரும் பங்கு போட்டுக்கொண்டோம், மேஜருக்கு ஒன்பது துண்டு கரட் போயிற்று. நான் வென்றுவிட்டேன் என்று நினைத்த நேரத்தில் ராக்கம்மா அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு அன்பாகக் கேட்டார்.

"கம்பஸ் எப்பத் தொறப்பாங்க தங்கச்சி?"

தண்ணிக்கும் சாக்குக்கும்

கரட் வந்த பிறகு மேஜர் உண்மையிலேயே இளைத்தார். மடுவத்தில் வாரா வாரம் அரைக் கிலோ, ஒரு கிலோ என்று இறங்கி, மூன்று மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது கணக்கப்பிள்ளை முப்பத்தாறு என்று படித்தார். தொரசாணி அன்றைக்கே வைத்தியருக்குப் பேசி நாள் வாங்கினார். கண்டி போகும் வழியில் இறம்பொடை வளைவுகளில் மேஜர் ஜீப்பின் பின்னால் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தார். கண்டியில் வைத்தியரின் தராசு தரையோடு இருந்தது, முன்னால் பெரிய இலக்கம். முப்பத்தெட்டு. இறக்கி மறுபடி ஏற்றினார். முப்பத்தெட்டு. சிகிச்சை செய்ய முடியாது என்றார். தொடையை அமுக்கிப் பார்த்துவிட்டு, இன்னும் மூன்று வாரம் பொறுக்கலாம், அதற்கு மேல் வந்து பயனில்லை என்றும் சொன்னார்.

ஜீப்பை விட்டு இறங்கி நேரே மடுவத்துக்குப் போனேன். மாலை நிறுவை நடந்துகொண்டிருந்தது. எத்தனை வாரமாகப் பொய்யாக எழுதினீர்கள் என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டேன். அந்த மனிதர் உண்மையிலேயே திகைத்துப் போனார். முள்ளில் காட்டுவதிலிருந்து தண்ணிக்கும் சாக்குக்குமாக ரெண்டு கிலோ வெட்டித்தானே எழுதுவது, கொக்கியில் எது தொங்கினாலும் கை அப்படித்தானே எழுதும் என்றார். அப்படியென்றால் முதல் வாரத்து வெற்றியே அதுதான். மேஜர் அந்த வாரம் ஒரு கிராம்கூட இளைக்கவில்லை. நாய் நனையவில்லையே, நாயில் என்ன தண்ணீர், இது அநியாயமில்லையா என்று நான் கத்தினேன். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. தோளிலிருந்த கொழுந்துச் சாக்கைக் கீழே வைத்தார்.

"இருவத்தெட்டு வருசமா எங்கொழுந்துல வெட்டுறாங்க. அதுக்கு ஒரு நாளும் நீ இப்புடிக் கத்துனதில்ல சுதா."

கை எழுதியது

அன்றைக்கு நான் யாரோடும் வாதாடவில்லை. லயத்தில் எனக்கு உடம்பு சரியில்லையோ என்று கேட்டார்கள். சின்ன வயதிலிருந்து அம்மா நிறுத்துவிட்டு வரும்போது அந்த ரெண்டு கிலோவைப் பற்றிப் புலம்பியதைக் கேட்டுத்தான் வளர்ந்தேன். மழை பெய்கிற மாதிரி அதுவும் ஒரு சத்தம் என்று விட்டிருந்தேன்.

மறுநாள் தொரசாணியிடம் போய், மேஜரின் நிறை இனிச் சரியாக இருக்க வேண்டும், நிறுக்கும்போது நீங்களே வந்து முள்ளைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். வந்தார். நல்ல வெயில் நாள், நான்கு நாளாக ஒரு சொட்டு மழை இல்லை. மேஜரைத் தொங்கவிட்டோம். தொரசாணி முள்ளைப் பார்த்தார், முப்பத்தெட்டுக்குக் கொஞ்சம் கீழே. கணக்கப்பிள்ளையும் முள்ளைப் பார்த்தார். பிறகு, எல்லாம் தெரிந்தும், தொரசாணி பக்கத்தில் நின்றும், அவருடைய கை முப்பத்தாறு என்று எழுதியது. எழுதியதை அவரே பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். ஏன் என்று தொரசாணி கேட்டார். தண்ணி என்றார். தொரசாணி மேஜரின் முதுகைத் தடவிப் பார்த்தார். பிறகு வரிசையில் அடுத்ததாக நின்ற ராக்கம்மா அக்காவின் சாக்குக்குள் கைவிட்டுக் கொழுந்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். காய்ந்த கை காய்ந்தபடியே இருந்தது. இதற்கும் தண்ணியா என்று கேட்டார். அவர் ஜீப் ஏறிப் போன பிறகு கணக்கப்பிள்ளை என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்.

"நாயைக் கொண்டாந்தது நாயை நிறுக்கன்னுதான் நான் நெனச்சேன் புள்ள."

பஸ் ஏறும்போது

அந்த மூன்று வாரமும் மேஜருக்கு ஒருவரும் ரொட்டி கொடுக்கவில்லை. நான் சொன்னதால் இல்லை. தங்களுக்கு வெட்டுகிற மாதிரி அவருக்கும் வெட்டியிருக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவர் தங்கள் ஆளாகிவிட்டார். தங்கள் ஆளின் கால் போகக்கூடாது. கரட் துண்டைக்கூட ராக்கம்மா அக்கா இரண்டாகப் பிளந்து பாதிதான் கொடுத்தார். மற்றவர்களை நிறுத்துகிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார், என்னைவிடச் சுருக்கமாகச் செய்தார். பத்தொன்பதாம் நாள் கண்டித் தராசு முப்பத்தைந்தே முக்கால் காட்டியது. சிகிச்சை நடந்தது. அது முடிந்த பத்தாம் நாள் மேஜர் கழுத்தில் புனல் மாட்டியபடி நான்கு காலையும் தரையில் வைத்து, குசினி வாசல் வரை போய், அப்புவைப் பார்த்து வாலாட்டினார். அப்பு அழுதுகொண்டே கரட் எடுத்தார்.

மடுவத்தில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறார்கள்: வெயில் நாளில் சாக்கு நிறை மட்டும்தான் கழிக்கப்படும், தண்ணிக்கு வெட்டு இல்லை. கந்தப்பளைப் பக்கம் வருடத்தில் எத்தனை நாள் வெயில் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கம்பஸ் திறந்தாயிற்று. பையைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் நின்றபோது மேஜரும் அப்புவோடு வந்திருந்தார், தட்டையான ரோட்டில் பத்து நிமிட நடை. அம்மா என் சட்டையில் ஒட்டியிருந்த நாய் முடியைத் தட்டிவிட்டார். பஸ் வளைவில் திரும்பி வரும்போது சொன்னார்.

"நாய் வேலை முடிஞ்சிருச்சு. அடுத்த லீவுல வந்து மழை நாள் வெட்டைப் பாரு."

ஆக, சக பாவிகளே, அந்த நாய் வேலையில் மேஜருக்கு ஏழு கிலோ குறைந்தது, எனக்கும் எல்லாம் தெரியும் என்கிற கனத்தில், தண்ணிக்கும் சாக்குக்குமாக, ஒரு ரெண்டு கிலோ குறைந்திருக்கும்.